ஆண்டவரோடு டொச் பழகிய காலம்

ஜேர்மன் மொழியை இங்கே எங்கள் ஆட்கள் டொச் என்றுதான் சொல்வார்கள். அந்த டொச்சில் நான் தடக்குப்படாமல் கதைத்தது ஒரே ஒருவரோடு. ஆண்டவரோடு.

சுவிட்சர்லாந்தில், துன் நகரத்தில் ஒரு முதியோர் இல்லம். அதன் நிலத்தடித் தளத்தில், சலவைப் பகுதியில் எனக்கு வேலை. படுக்கை விரிப்பு, துவாய், முதியவர்களின் உள்ளாடை, கால்மேசு எல்லாம் வண்டிகளில் கீழே வரும். பெரிய இயந்திரங்கள் சுழலத் தொடங்கினால் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அந்த இரைச்சலுக்குள் விரிப்புகளை மடித்தபடி நான் டொச்சில் ஜெபம் பண்ணுவேன். பெரிய ஜெபம் ஒன்றுமில்லை. "ஆண்டவரே, இன்றைக்கு மழை. நேற்றும் மழை. என் மனைவி இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டலில் அறைகள் துப்புரவாக்குகிறாள். அவளுக்கு முதுகு நோகிறது. நவம்பரில் ஹோட்டலைப் பூட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு நாங்கள் என்ன செய்வது?" இப்படித்தான். வசனம் பிழைத்தாலும் அவர் முகத்தைச் சுழிக்கவில்லை. "எப்படி? எப்படி?" என்று திருப்பிக் கேட்கவில்லை. நான் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருந்தார்.

மனிதரோடு கதைக்க எனக்குப் பயம். சின்ன வயதிலிருந்தே நான் பயந்த சுபாவம். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. இடம்பெயர்ந்து போன ஊரில் பள்ளிக்கூடத்துக்குள் சனம் இருந்தது, பிறகு பள்ளிக்கூடமே இல்லாமல் போனது. அதற்குப் பிறகு, கரும்பலகை இருக்கிற அறை என்றாலே வாசலில் நின்றுவிடுவேன். இங்கே டொச் வகுப்புக்கும், தொடங்க வெகு முன்னரே போய், வெளியே ஆற்றங்கரையில் நின்று, கதவைப் பூட்டினேனா, அடுப்பை நிற்பாட்டினேனா என்று யோசித்துக்கொண்டிருப்பேன். ஆறு பச்சையாக, வேகமாக ஓடும். வெள்ளைக்காரர் அதில் குதித்து நீந்துவார்கள். அவர்களுக்காகவும் நான்தான் பயப்படுவேன்.

வகுப்பில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர். எரித்திரியா, போர்த்துக்கல், உக்ரைன் என்று எல்லாத் திக்கிலிருந்தும் வந்தவர்கள். தமிழன் நான் மட்டும். ரீச்சர் என்னைவிட வயது குறைந்த பெண், நல்ல மனது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் முதல் கேள்வி ஒன்றுதான்: வார இறுதியில் என்ன செய்தீர்கள்? மற்றவர்கள் மலை ஏறினோம், கேபாப் சாப்பிட்டோம், சண்டை பிடித்தோம் என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்வார்கள். பிறகு என் முறை வரும்.

"சபைக்குப் போனேன்."

"அங்கே என்ன செய்தீர்கள்?"

"ஜெபம்."

"பிறகு?"

"வீடு."

ரீச்சர் பொறுமையாக, "வெளியே ஆட்களோடு கதையுங்கள், அப்போதுதான் வரும்" என்பார். வெளியே யாரோடு? பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவார். அப்படியே யாராவது வாய் திறந்தாலும் அது வகுப்பில் படிக்கிற டொச் இல்லை, இந்தப் பக்கத்துச் சுவிஸ் டொச். வேறொரு மொழி மாதிரித்தான் காதில் விழும். முதியோர் இல்லத்து ஆட்களும் அதைத்தான் கதைப்பார்கள். நான் "ஓம் ஓம்" என்று தலையாட்டிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவேன். கடைசியில் இயந்திரங்களுக்கு நடுவில் ஆண்டவர்தான் கிடைத்தார்.

அந்த வருடம் வசந்தத்தில் இல்லத்துப் பொறுப்பாளர் அம்மா சலவைப் பகுதிக்கு இறங்கி வந்தார். ஆண்டு முடிவோடு சலவையை வெளியே ஒரு கம்பனிக்குக் கொடுக்கப்போகிறார்கள். கீழே யாருக்கும் வேலை இருக்காது. என் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். "உங்களை அனுப்பிவிட எனக்கு விருப்பமில்லை. மேலே பராமரிப்பு உதவியாளர் இடம் ஒன்று வரும். ஆனால் முதியவர்களோடு கதைக்கிற வேலை. இலையுதிர் காலத்துக்குள் பி-ஒன்று சோதனை பாஸ் பண்ணிக்கொண்டு வாருங்கள்" என்றார்.

பி-ஒன்று என்பது ஓரளவு சரளமாகக் கதைக்கத் தெரியும் என்ற தராதரம். அதுவரை அது எனக்கு மற்றவர்கள் எடுக்கிற சோதனை. இப்போது எல்லாம் அதில் வந்து தொங்கியது. மனைவியின் வேலை சீசன் வேலை. என் நிரந்தர வேலையைக் காட்டித்தான் ஒவ்வொரு முறையும் எங்கள் அவுஸ்வைஸைப் புதுப்பித்தோம். இந்த நாட்டில் இருக்கலாம் என்கிற அந்தச் சின்ன அட்டை. வேலை போனால், அட்டையைப் புதுப்பிக்கப் போகும் இடத்தில் என்ன கேட்பார்கள், என்ன சொல்வது என்று அன்றிலிருந்து விடியவே விழிப்பு வந்துவிடும்.

மனைவி சொல்வாள்: "இஞ்சேருங்கோ, நீங்கள் பயப்பிடுற நேரத்துக்குப் படிச்சிருந்தால் இப்ப டொக்டராயிருப்பியள்."

படித்தேன். எழுத்தும் வாசிப்பும் மெல்ல மெல்லப் பிடிபட்டன. பேச்சுக்குத்தான் ஜெபம். கோடை முழுக்க அந்த இரைச்சலுக்குள் கதைத்துக் கதைத்து, ஒரு கட்டத்தில் எனக்கே ஆச்சரியமாக, நிற்காமல் வசனங்கள் வந்தன. இடையில் யாரும் வெட்டாமல், நூல் அறாமல். நான் இவ்வளவு கதைப்பேன் என்று எனக்குத் தெரியாது.

சோதனை செப்டம்பர் கடைசியில். பேச்சுச் சோதனையில் இரண்டு இரண்டு பேராக உள்ளே விடுவார்கள். எனக்குச் சோடியாக வந்தது ஒரு சீனப் பெண். இன்டர்லாக்கனில் சீனாவிலிருந்து வரும் சுற்றுலாக்காரருக்கு மணிக்கூடு விற்கும் கடையில் வேலை என்று வராந்தாவில் சொன்னாள். கழுத்தில் மெல்லிய சங்கிலி, அதில் சின்னச் சிலுவை. சோதனைக்கு அழைத்த கடிதத்தை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தாள். அதைப் பார்த்ததும் என் பயம் கொஞ்சம் குறைந்தது. ஆண்டவர் தன் பிள்ளையை எனக்குப் பக்கத்தில் இருத்தியிருக்கிறார் என்று நினைத்தேன்.

கடைசிப் பகுதியில் ஒரு விஷயத்தை இருவரும் சேர்ந்து திட்டமிட வேண்டும். சோதனை எடுக்கும் அம்மா சொன்னார்: "உங்கள் வகுப்பில் படிக்கும் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அவரைப் பார்க்கப் போகிறீர்கள். இரண்டு பேரும் கதைத்துத் திட்டம் போடுங்கள்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதைவிட எனக்குத் தெரிந்த விஷயம் உலகத்தில் வேறு என்ன இருக்கிறது? எங்கள் சபையில் யாருக்காவது சுகமில்லை என்றால், கேட்ட மாத்திரத்தில் வான் வண்டியை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுவோம். சாப்பாடு கட்டிக்கொண்டு, ஏழெட்டுப் பேராகப் போய்க் கட்டிலைச் சுற்றி நின்று ஜெபம் பண்ணிவிட்டுத்தான் வருவோம். தாதி வந்து துரத்துவாள். நாங்கள் வராந்தாவில் நின்று மிச்ச ஜெபத்தை முடிப்போம்.

சீனப் பெண் மெல்ல, "சனிக்கிழமை போகலாமா?" என்று தொடங்கினாள்.

நான் பிடித்துக்கொண்டேன். சனிக்கிழமை எதற்கு, இன்றைக்கே போகவேண்டும், நோயாளி காத்திருக்கக்கூடாது என்றேன். சூப் கொண்டுபோக வேண்டும், மிளகு போட்ட சூப், ஆஸ்பத்திரிச் சாப்பாடு வாய்க்குப் பிடிக்காது என்றேன். முதலில் ஜெபம், பிறகு சாப்பாடு. அவருடைய வீட்டில் யார் இருக்கிறார்கள், பிள்ளைகளை யார் பார்ப்பது, அதையும் நாங்கள் பார்க்கவேண்டும் என்றேன். அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம், பாவம் இந்தப் பிள்ளை தடுமாறுகிறது என்று அவளுக்கும் சேர்த்து நானே சொல்லிக்கொடுத்தேன். கடைசியில், அந்த இல்லாத நோயாளிக்காக நான்கைந்து வசனம் ஜெபமே பண்ணிவிட்டேன். கண்ணைத் திறந்தால் சோதனை எடுக்கும் இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எழுதுவதை நிறுத்தியிருந்தார். மெய்மறந்துபோனார்கள் என்றுதான் எனக்குப் பட்டது.

வெளியே வந்தபோது என் உடம்பில் பயம் இல்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு மத்தியானம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

எங்கள் சபை ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில், சுவிஸ் ஆட்களின் ஒரு சபைக்குச் சொந்தமான மண்டபத்தில் கூடும். அவர்கள் காலையில் முடித்துவிட்டுப் போனபிறகு எங்களுக்கு வாடகைக்குத் தருவார்கள். பாட்டு முடிந்தபிறகு சாட்சி நேரம். ஆண்டவர் செய்த நன்மையை எழும்பி எல்லார் முன்னும் சொல்ல வேண்டும். சாட்சி சொல்கிற வீட்டார் அன்றைக்குத் தேத்தண்ணியோடு கடிக்கவும் ஏதாவது கொண்டுவருவது வழக்கம்.

சோதனை எப்படி என்று எங்கள் சபைப் பாஸ்ரர் ரெலிபோனில் கேட்டார். நல்லாச் செய்தேன் என்றேன். நான் அப்படிச் சொல்லி அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

"அப்ப இந்த ஞாயிறே சாட்சி சொல்லுங்கோ பிரதர்."

"இன்னும் முடிவு வரேல்லை பாஸ்ரர்."

"வந்தாப் பிறகு நன்றி சொல்லுறது ஆருக்கும் ஏலும். வர முதல் சொல்லோணும். கிடைச்சிட்டுது எண்டு சொல்லோணும். அதெல்லோ விசுவாசம்?"

மனைவி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ரெலிபோனை வைத்ததும், "உங்களுக்கு என்ன விசரே?" என்றாள். "பிள்ளை பிறக்க முதல் பேர் வைக்கிற கதையாக் கிடக்கு. றிசல்ட் வரட்டுமன்."

"பாஸ்ரர் கேக்கிறார். எப்பிடி மாட்டன் எண்டு சொல்லுறது?"

"மாட்டன் எண்டு தமிழிலைதானே சொல்லோணும். அதுக்குமோ சோதினை?"

ஆனாலும் சனிக்கிழமை வேலை முடித்து வந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு, தட்டுத் தட்டாக றோல்ஸ் பொரித்தாள். ஞாயிற்றுக்கிழமை நான் எழும்பி நின்று, ஆண்டவர் எனக்கு பி-ஒன்றைத் தந்துவிட்டார், மேல்மாடியில் வேலையையும் தந்துவிட்டார் என்று சொன்னேன். "தோத்திரம்" என்று மண்டபம் அதிர்ந்தது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவனை ஆண்டவர் உயர்த்தினார் என்று பாஸ்ரர் சேர்த்துக்கொண்டார். வயதானவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். றோல்ஸ் ஒன்றும் மிஞ்சவில்லை.

சில கிழமைகளில் முடிவு வந்தது. வாசிப்பு, கேட்டல், எழுத்து மூன்றும் பாஸ். பேச்சு பெயில்.

எங்கோ பிழை நடந்துவிட்டது, வேறு யாருடையதையோ எனக்குப் போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ரீச்சரிடம் போனேன். அவர் உள்ளே என்ன நடந்தது என்று முழுதாகக் கேட்டார். சூப்பைச் சொன்னேன், ஜெபத்தைச் சொன்னேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு மேசையைப் பார்த்தார்.

"அந்தப் பெண் என்ன சொன்னாள்?"

எனக்கு நினைவுக்கு வரவில்லை. எவ்வளவு யோசித்தும் சனிக்கிழமைக்குப் பிறகு அவள் சொன்ன ஒரு சொல்லும் நினைவில் இல்லை.

"நீங்கள் யாரோடு பேசிப் பழகினீர்கள்?" என்று கேட்டார்.

சொன்னேன். ரீச்சர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். "உங்கள் டொச் நல்லாயிருக்கிறது. ஆனால் மற்றவர் கேட்டால் பதில் சொல்லவேண்டும். அவர் சொல்லும்வரை பொறுக்கவேண்டும். அதற்குத்தான் அந்தப் பகுதியில் புள்ளி. அதற்கு ஒரு மனிதர் வேண்டும்" என்றார்.

அன்றிரவு எனக்கு என் பெயில் பாதிதான் உறுத்தியது. மற்றப் பாதி அந்தச் சீனப் பிள்ளை. அவளுடைய வாயையும் அடைத்து, அவளையும் கவிழ்த்துவிட்டேனோ? இந்தப் பயம் இறங்கவே இல்லை. அடுத்த கிழமை மனைவியைக் கூட்டிவர இன்டர்லாக்கன் போனபோது, மணிக்கூட்டுக் கடைகளாகப் பார்த்துக்கொண்டு போய் அவளைக் கண்டுபிடித்தேன். உள்ளே போகத் துணிவில்லாமல் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். அவளே கண்டு கதவைத் திறந்தாள்.

"பாஸ்" என்றாள், நான் கேட்கமுன்னரே. பிறகு, "நீங்கள்?"

இல்லையென்று தலையை ஆட்டினேன். அவளுடைய முகம் வாடியது. மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். என் வழக்கப்படி அது நீண்டுகொண்டு போனது. அவள் காத்திருந்து, காத்திருந்து, "அன்றைக்கும் இப்படித்தான். நீங்கள் மூச்சு எடுத்த இடங்களில் நான் ஒவ்வொரு வசனம் வைத்தேன்" என்றாள். சிரித்துவிட்டு, உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். ஓடிப்போனாள்.

பொறுப்பாளர் அம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். இந்த முறை அவர் கதைத்து முடியும்வரை வாயைத் திறக்கவில்லை. அவர் சொன்னதெல்லாம் விளங்கியது. விளங்காமல் இருந்திருக்கலாம். மேல்மாடி இடத்துக்கு வேறு ஒருவரை எடுத்தாகிவிட்டது. அடுத்த சோதனைவரை வைத்திருக்க முடியாது. வேண்டுமென்றால் ஜனவரியிலிருந்து சமையலறையில் கோப்பை கழுவ, கிழமைக்கு இரண்டு காலை வேலை இருக்கிறது, அதுவும் தற்காலிகம். "வருவீர்களா?" என்றார். வருகிறேன் என்றேன். அது ஒரு சொல்லில் முடிந்தது.

பாஸ்ரர் வீட்டுக்கு வந்தார். அவரும் ஒரு காலத்தில் இன்டர்லாக்கன் ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவியவர்தான், கெட்ட மனிதர் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டார்.

"சாட்சி சொன்னாப் பிறகு உங்களுக்கு ஒரு சந்தேகமும் வரேல்லையோ பிரதர்? உண்மையைச் சொல்லுங்கோ."

எனக்கு எப்போது சந்தேகம் வராமல் இருந்தது? சாட்சி சொல்லிவிட்டு உட்கார முன்னரே வந்தது. றோல்ஸ் தட்டைக் கையில் எடுக்கும்போது வந்தது. "வந்தது" என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். அது போதும் எனக்கு. அதிகம் கதைத்ததால் பெயிலா, விசுவாசம் குறைந்ததால் பெயிலா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. ரீச்சர் சொன்னதுதான் காரணம் என்று பகலில் தெரிகிறது.

மனைவி அவருக்குத் தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "பாஸ்ரர், இவருக்குச் சந்தேகம் வராமல் இருக்கிறதெண்டால் ஆள் செத்திருக்கோணும்."

பாஸ்ரர் சிரித்தார். போகும்போது வாசலில் நின்று, "சனம் கேக்குது. ஞாயிறு எழும்பி, ஆண்டவற்ரை வேளை இன்னும் வரேல்லை எண்டு மட்டும் சொல்லுங்கோ. வேறையொண்டும் வேண்டாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எழும்பினேன். அவர் சொல்லித்தந்த வசனம் வாயில் இருந்தது.

"போன மாசம் இதிலை நிண்டு, ஆண்டவர் பாஸ் தந்திட்டார், வேலை தந்திட்டார் எண்டு சொன்னனான்" என்றேன். பழக்கத்தில் யாரோ பின்னுக்கிருந்து "தோத்திரம்" என்றார்கள். "தரேல்லை. நான் பெயில். இருந்த வேலையும் வருசக் கடைசியோடை முடியுது."

மண்டபம் அப்படியே இருந்தது. ஒரு குழந்தை மட்டும் சிணுங்கியது.

"பிரதர் சொல்ல வாறது என்னவெண்டால்," என்று பாஸ்ரர் மைக்கை எடுத்தார், "ஆண்டவற்ரை வேளை..."

"இல்லை பாஸ்ரர். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்."

உட்கார்ந்தேன். வீரமாகச் செய்தேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். இன்னொரு முறை, இல்லாத ஒன்றுக்கு நன்றி சொல்லிவிட்டு, அது வருமோ வராதோ என்று காத்திருக்க எனக்குச் சீவன் இல்லை. அவ்வளவுதான். பாஸ்ரர் அவசரமாக ஒரு பாட்டைத் தொடங்கினார். மனைவி என்னைப் பார்க்காமல், தன் சால்வையின் ஒரு முனையை என் மடியில் போட்டாள். மண்டபத்தில் குளிராகத்தான் இருந்தது.

முடிந்தபிறகு கதிரைகளை முன்பு இருந்த மாதிரியே அடுக்கி வைக்கவேண்டும், சுவிஸ் சபையாரின் கட்டளை அது. வழக்கமாக என்னோடு சேர்ந்து அடுக்குகிறவர்கள் அன்றைக்கு மற்றக் கரையில் தொடங்கினார்கள். கோபமில்லை. என்ன கதைப்பது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். எனக்கு அது நன்றாக விளங்கும். ஒரு வயதான அண்ணை மட்டும் பக்கத்தில் வந்து ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு, "றோல்ஸ் நல்லாத்தான் இருந்தது தம்பி" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

பஸ் நிறுத்தத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். ஏரிப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. மனைவியின் ஹோட்டலை அந்தக் கிழமைதான் பூட்டியிருந்தார்கள்.

"அடுத்த சோதினை எப்ப?" என்று கேட்டாள்.

"பங்குனியிலை."

கைப்பையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். பிறகு, "அவுஸ்வைஸ் முடியிறது?" என்றாள்.

அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் அவள் கேட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

"மாசியிலை" என்றேன்.

பஸ் வந்தது. அவள் முதலில் ஏறினாள்.